கேட்டதில் பாதி

ஜூன் 2, திங்கள்

இது போன வருடத்து டைரி. டயர் கடையில் இனாமாகக் கொடுத்தது, ஒரு பக்கம்கூட எழுதாமல் கிடந்தது. தேதியெல்லாம் அப்படியே இருக்கிறது. கிழமையை மட்டும் அடித்துத் திருத்திக்கொண்டால் இந்த வருடத்துக்கு ஆகும். புது டைரி வாங்கினால் இருநூறு ரூபாய். வீட்டில் நான் செய்த முதல் மிச்சம் இதுதான்.

சனிக்கிழமை கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். பஸ் பாடி கட்ட ஆர்டர் இல்லை, ஸ்டோரை நிறுத்தி வைக்கிறோம், தீபாவளி கழித்துக் கூப்பிடுகிறோம் என்றார் மேனேஜர். இருபத்திரண்டு வருடம் ஸ்டோர் இன்சார்ஜாக இருந்தவனிடம் சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு ஒரு டீ கொடுத்தார்கள். அதில் சர்க்கரைகூடச் சரியாக இல்லை.

கலாமணியிடம் சொன்னேன். மாவைக் கரைத்துக்கொண்டே கேட்டாள். பிறகு, "சம்பத்துகிட்ட ஒரு வார்த்தை சொல்லலாமுங்களா?" என்றாள்.

சம்பத் அவள் தம்பி. வெங்கமேட்டுப் பக்கம் கொசுவலைக் கம்பெனி நடத்துகிறான். எட்டு வருடத்துக்கு முன்னால் அதைத் தொடங்கியபோது, ஸ்டோரைப் பார்த்துக்கொள்ள வரச்சொல்லி வீடு தேடி வந்து கேட்டான். "கொசுவலைக்கு எதுக்கு மாப்பிள்ளை ஸ்டோர் கீப்பரு? கொசுவை எண்ணறதுக்கா?" என்று பத்துப் பேர் இருந்த இடத்தில் கேட்டுவிட்டுச் சிரித்தேன். அவனும் சிரித்தான். இப்போது அங்கே எண்பது பேர் வேலை செய்கிறார்கள். அவன் வாசலில் போய் நிற்க வேறு ஆளைத்தான் பார்க்க வேண்டும், நான் நிற்க மாட்டேன்.

"சொல்லக் கூடாது" என்றேன். "தீபாவளி வரைக்கும் அஞ்சு மாசம். எவன்கிட்டயும் போகாம கையில இருக்கறத வெச்சு ஓட்டிக் காட்டறேன். இன்னைக்கிருந்து வீட்டுச் செலவு என் பொறுப்பு. பர்ஸைக் குடு."

கொடுத்துவிட்டாள்.

ஜூன் 4, புதன்

ஸ்டோரில் எனக்கு ஒரே சட்டம்தான். கேட்டதில் பாதி கொடு. போதாவிட்டால் திரும்பி வரட்டும், மீதியைக் கொடு. ஒரு கிலோ கிரீஸ் கேட்டால் அரைக் கிலோ. நாலு உப்புத்தாள் கேட்டால் இரண்டு. பத்துப் பேரில் ஒன்பது பேர் திரும்பி வரவே மாட்டார்கள். பாதியே போதுமாக இருந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? ஒரு வருடம் ஆயுத பூஜையன்று முதலாளி என்னை எழுந்து நிற்கச் சொல்லி, "நாச்சிமுத்துவால ஒரு பஸ்ஸே மிச்சம்" என்று எல்லாரையும் கைதட்ட வைத்தார்.

இன்று அந்தச் சட்டம் வீட்டுக்கு வந்தது. துவைக்கும் பவுடர் இரண்டு கரண்டி போடுகிற இடத்தில் ஒன்று. துணி வெளுத்துத்தான் இருந்தது. பற்பசை கொண்டைக்கடலை அளவு. பாத்திரம் கழுவும் திரவத்தில் பாதிக்குப் பாதி தண்ணீர். டீத்தூள் பாதி, ஆனால் கூட ஒரு நிமிடம் கொதிக்க வேண்டும். தேய்ந்த சோப்புத் துண்டுகளை ஒரு வலைப்பைக்குள் போட்டுக் கட்டினால் ஒரு வாரம் குளிக்கலாம். வலைப்பை என்றதும் கலாமணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எதற்கென்று தெரியும். நான் கேட்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

கேஸ். அரிசி அரை மணி நேரம், பருப்பு ஒரு மணி நேரம் ஊறினால் விசில் பாதியாகக் குறையும். ஒரே குக்கரில் கீழே பருப்பு, மேலே தட்டில் காய். இட்லிக்குக் கடைசி இரண்டு நிமிடம் அடுப்பை அணைத்துவிட வேண்டும், உள்ளே இருக்கும் ஆவியே மீதியைப் பார்த்துக்கொள்ளும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பாலை அப்படியே அடுப்பில் ஏற்றக் கூடாது. பர்னர் ஓட்டைகளை ஊக்கால் குத்திச் சுத்தம் செய்தேன். நீலமாக எரிகிறது.

கலாமணி பக்கத்தில் நின்று பார்த்தாள். "இதெல்லாம் நான் இருவது வருசமாப் பண்ணீட்டுத்தானுங்க இருக்கறேன்."

இருக்கலாம். எழுதி வைக்கவில்லையே.

ஜூன் 15, ஞாயிறு

இரண்டு மாதத்தில் ஐந்நூறு யூனிட்டைத் தாண்டினால் மின்கட்டணம் ஏணி வைத்து ஏறிவிடும். அதனால் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் மீட்டரைப் பார்க்கிறேன். வேலைக்குப் போகாதவனுக்குக் கால் எங்கேயாவது போய்க்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. மீட்டர் வாசலில் இருப்பது வசதி.

குளிர்பெட்டிக் கதவின் இடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு வந்தது. ரப்பரை வெந்நீர் வைத்துத் துடைத்ததும் பிடித்துக்கொண்டது. தெருவின் வாட்ஸாப் குழுவில் இதைப் போட்டேன். பதினொரு பேர் கட்டைவிரல் காட்டினார்கள்.

ஜூன் 20, வெள்ளி

கலாமணி மெடிக்கலுக்கு நானூறு கேட்டாள். எனக்கு பிரஷர் மாத்திரை, அவளுக்கு தைராய்டு மாத்திரையில் அடுத்த பாட்டில், முன்கூட்டியே வாங்கி வைக்க. எட்டு வருடமாகக் காலையில் வெறும் வயிற்றில் அவள் ஒன்று போடுகிறாள்.

இருநூறு கொடுத்தேன். "போதலீன்னா கேளு."

ரூபாயை இரண்டு தடவை எண்ணிப் பார்த்தாள். "சரிங்க" என்றாள்.

திரும்பி வந்து கேட்கவில்லை. என் மாத்திரை டப்பா முழுசாக நிறைந்திருந்ததைப் பார்த்தேன். ஆக, இருநூறே போதுமாக இருந்திருக்கிறது. சட்டம் வீட்டிலும் வேலை செய்கிறது.

ஜூலை 4, வெள்ளி

உழவர் சந்தைக்குக் காலை ஆறு மணிக்குப் போகிறவர்கள் ஏமாளிகள். பத்து மணிக்கு மேல் போனால் கூடையைக் காலி செய்கிற அவசரத்தில் பாதி விலைக்குத் தருவார்கள். அந்த யோசனையில் ஆறு கிலோ தக்காளி வாங்கி வந்தேன். இரண்டு நாளில் அழுக ஆரம்பித்தது. தொக்கு கிளறச் சொன்னேன். அரை லிட்டர் நல்லெண்ணெய் இழுத்துக்கொண்டது, ஒன்றரை மணி நேரம் அடுப்பு எரிந்தது.

"தக்காளி மலிவுதானுங்க" என்றாள் கலாமணி, கிளறிக்கொண்டே. "தொக்குத்தான் தங்க விலை."

பாடம்: பாதி விலை என்பதற்காக இரண்டு மடங்கு வாங்கக் கூடாது. வெங்காயமும் உருளையும் மட்டும் மொத்தமாக வாங்கலாம், ஆனால் இரண்டையும் ஒரே கூடையில் போட்டால் உருளை முளைத்துவிடும். எழுதி வைத்துவிட்டேன். குழுவில் போடவில்லை.

ஜூலை 12, சனி

மகள் தாரணி கோயம்புத்தூர் ஹாஸ்டலிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவாள். போக்குவரத்துச் செலவு, வந்தால் ஆகும் பலகாரச் செலவு எல்லாம் பார்த்தேன். இனி ஆயுத பூஜை லீவுக்கு வந்தால் போதும் என்று போனில் சொன்னேன். "சரிப்பா" என்றாள். அப்புறம் அம்மாவிடம் வெகு நேரம் பேசினாள். கம்பெனி விஷயத்தைக் கலாமணி சொல்லியிருப்பாளோ என்று சந்தேகம்.

சாயங்காலம் கலாமணி, "ஆறு மாசத்துக்கொருக்கா எடுக்கற ரத்த டெஸ்ட் இந்த மாசமுங்க" என்றாள்.

"போன தடவ எப்படி இருந்துச்சு?"

"நார்மலுன்னுதான் சொன்னாங்க."

"நார்மலா இருக்கறத எதுக்குக் காசு குடுத்துத் தெரிஞ்சுக்கோணும்?"

அவளுக்கும் நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். மறுபடி கேட்காமல் அரிசி புடைக்கப் போய்விட்டாள்.

ஜூலை 18, வெள்ளி

கலாமணி மதியம் இரண்டு மணிக்குப் படுத்தவள் ஐந்து மணிக்கு எழுந்தாள். பகலில் அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. வீட்டு நிர்வாகத்தை நான் எடுத்துக்கொண்டதால் ஓய்வு கிடைத்திருக்கிறது. நல்லது.

மெடிக்கலுக்கு இந்த முறை அவளே இருநூறுதான் கேட்டாள். பழகிவிட்டாள். கேட்டதில் பாதி என்றால் நூறு கொடுக்க வேண்டும். பெருந்தன்மையாக முழுசாகக் கொடுத்தேன்.

ஜூலை 29, செவ்வாய்

சந்தையில் வெல்டர் கோட்டைச்சாமியைப் பார்த்தேன். கம்பெனியில் என்னோடு பதினைந்து வருடம் இருந்தவன். இப்போது சொந்தமாகக் கேட், கிரில் அடிக்கிறான். டீ வாங்கித் தருகிறேன் என்று இழுத்தான். அவன் காசு என்பதால் போனேன். வீட்டில் நான் நடத்தும் நிர்வாகத்தைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அந்தப் பாதிக் கணக்க வூட்டுக்கும் கொண்டாந்துட்டீங்களா சார்? பாவம் அம்மா."

"ஏன், ஸ்டோர்ல உனக்குப் பாதி போதலியா? ஒரு நாளாச்சும் திரும்பி வந்து கேட்டிருக்கியா?"

"எங்க சார் வர்றது? உங்க மூஞ்சியப் பாத்துட்டு ரெண்டாவது தடவ வர்றதுக்கு யாருக்குத் தகிரியம்? கையுறை ஒரு ஜோடி கேட்டா ஒத்தைக் கை குடுத்தீங்களே, மறந்துட்டீங்களா? நாங்கெல்லாம் கைக்காசு போட்டு வெளியில வாங்கிக்குவோம். காசில்லாதவன் வெறுங்கையில புடிப்பான்."

இடது உள்ளங்கையைக் காட்டினான். பழைய தழும்பு. விளையாட்டாகத்தான் காட்டினான், டீயும் அவன்தான் வாங்கிக் கொடுத்தான். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. இவனுக்கு வாய் அதிகம். எப்போதுமே அதிகம். வீட்டுக்கு வந்து மீட்டர் பார்த்தேன். பிறகு மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி வழிகிறதா என்று பார்த்தேன். வழியவில்லை. மறுபடி ஒரு தடவை போய்ப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மின் கணக்கெடுத்துவிட்டார்கள். முந்நூற்று நாற்பது யூனிட். போன முறை ஐந்நூற்று இருபது. வாசலிலேயே நின்று கைதட்ட வேண்டும் போல இருந்தது. யாரும் இல்லை.

ஆகஸ்ட் 20, புதன்

ஆவணி பிறந்தும் கரூர் வெயில் அடங்கவில்லை. தார்ச்சாலை மினுமினுக்கிறது. ஆனால் கலாமணிக்கு ஃபேன் வேண்டாமாம். மத்தியானம் ஒரு மணிக்குப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "குளுருதுங்க, அத நிறுத்திப்போடுங்க" என்றாள். நிறுத்தினேன். ஒரு நாளைக்கு ஒரு யூனிட் மிச்சம். எனக்குத்தான் வியர்த்துக் கொட்டியது, வாசலில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை இருபத்தொன்றுக்குப் பதில் பதினொன்று. பிள்ளையார் ஒன்றும் திரும்பி வந்து கேட்கவில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

கலாமணி முன்போல் சாப்பிடுவதில்லை. ஆனால் உடம்பு போட்டிருக்கிறது, முகம்கூட உப்பலாக இருக்கிறது. ஜாக்கெட் பிடிக்கிறது என்று தையலைப் பிரித்து விட்டுக்கொண்டிருந்தாள். சிக்கனத்தால் இந்த வீட்டில் யாரும் இளைத்துப் போகவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

குளியலறையில் தண்ணீர் போகும் ஓட்டை அடைத்துக்கொண்டது. கம்பி விட்டு இழுத்தால் ஒரு கைப்பிடி முடி. பிளம்பரைக் கூப்பிடாமல் நானே செய்ததில் முந்நூறு மிச்சம். தலைக்குச் சீயக்காய் போதவில்லையா என்று கேட்டேன். "போதுமுங்க" என்றாள். குரல் கரகரவென்று வந்தது. சளி பிடித்திருக்கும். சுக்கும் மிளகும் போதும், இதற்கெல்லாம் டாக்டர் வேண்டியதில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

இன்று கோபம் வந்துவிட்டது. பால் பொங்கி வழிந்து, அடுப்பை அணைத்து, கேஸ் மட்டும் வெளியே வந்துகொண்டிருக்கிறது. கலாமணி அடுப்புக்கு நேரே நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். ஓடிப்போய் மூடினேன். பாலும் போச்சு, கேஸும் போச்சு, கொஞ்சம் தாமதித்திருந்தால் நாமும் போயிருப்போம் என்று கத்தினேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவே நேரமானது. "பொங்குதுன்னு தெரிஞ்சுதுங்க" என்றாள் மெதுவாக. "கை போகலீங்க."

கை போகவில்லையாம். கால்மணி நேரம் தேய்த்து அடுப்பைச் சுத்தம் செய்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் கட்டிலுக்குப் போனாள். கத்தியிருக்க வேண்டாம் என்று அப்புறம் தோன்றியது. சொல்லவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

மேனேஜருக்கு மூன்று தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

கோட்டைச்சாமிதான் சொன்னான். கம்பெனி ஸ்டோரில் கம்ப்யூட்டர் வைத்துவிட்டார்களாம். சாமான்களை நேராக லைனுக்கே கொடுக்கிறார்களாம். அந்த அறையில் இப்போது பேட்டரி வண்டிக்கு சார்ஜ் போடுகிறார்கள். தீபாவளி கழித்து என்று சொன்னது சும்மா ஒரு பேச்சுக்கு.

கலாமணியிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி சம்பத் என்பாள்.

இன்று செய்தவை: பரண் துடைத்தேன். பருப்பு டப்பாக்களில் காய்ந்த மிளகாய் போட்டேன், வண்டு வராது. செருப்பு தைத்தேன். பழைய பனியனில் கைப்பிடித்துணி நாலு வெட்டினேன். மீட்டர் பார்த்தேன், ஒன்பது தடவை. உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் கையுறை ஞாபகம் வருகிறது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை.

தாரணி காலையில் வந்தாள். மூன்று மாதத்துக்கு மேல் ஆகிறது. கலாமணி கதவைத் திறந்தாள். பிள்ளை பையைக் கீழே போட்டுவிட்டு, "அம்மா, என்னாச்சு உனக்கு?" என்று கத்தினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"ஒண்ணுமில்ல கண்ணு, கொஞ்சம் சோர்வு."

"சோர்வா? மூஞ்சி வீங்கிக் கெடக்குது, குரல் மாறிப்போச்சு. கை ஐஸ் மாதிரி இருக்குது. அப்பா, நீங்க வீட்லதான இருக்கறீங்க? பாக்கலியா?"

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நாலு மாதமாகத் தினமும் பார்த்து இந்த டைரியில் எழுதியும் வைத்திருக்கிறேன். அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

"மாத்திரை ஒழுங்காப் போடறியாம்மா?" என்று கேட்டாள் தாரணி. கலாமணி தலையாட்டினாள். பிள்ளை நம்பவில்லை, சமையலறைக்குப் போய் அலமாரியைத் திறந்தாள். மே மாதம் வாங்கிய நூறு மாத்திரை பாட்டில். ஆகஸ்ட் பாதியிலேயே தீர்ந்திருக்க வேண்டியது, அக்டோபரிலும் அடியில் மாத்திரை கிடந்தது. அதன் பக்கத்தில் ஒரு பெருங்காய டப்பா. உள்ளே காகிதத்தில் மடித்த பிளேடு ஒன்று, பாதியாக வெட்டிய மாத்திரைகள் ஏழெட்டு. எவ்வளவு நேராக வெட்டியிருந்தாள்.

அதே தட்டில் என் பிரஷர் மாத்திரை டப்பா, ஒரு நாளைக்குக்கூடக் குறை வைக்காமல் நிரப்பியது.

"ஏம்மா இப்படிப் பண்ணுன?"

"அப்பாவுதை வாங்குனா மிச்சம் பத்தலை சாமி. அவருக்கு பிரஷர், அதுல கொறைக்க முடியுமா? எனக்கு எட்டு வருசமாப் போட்டுப் பழகுன ஒடம்பு, பாதி போதும்னு நெனச்சேன்."

"அப்பாகிட்ட இன்னொரு தடவ கேட்டா என்ன?"

கலாமணி என்னைப் பார்க்கவில்லை. பெருங்காய டப்பாவை எடுத்து மூடினாள். "வேலையும் போயி, ரோசத்தோட ஓட்டிக் காட்டறேன்னு நிக்கறாரு. குடுத்ததுக்கு மேல போயி நின்னா, அவரால முடியலைன்னு நானே சொல்ற மாதிரி ஆயிருமல்ல?"

நான் வாசலுக்கு வந்துவிட்டேன். எதிரே மீட்டர். அதைப் பார்க்கப் பிடிக்காமல் தெருவில் இறங்கி நடந்தேன். பூசணிக்காய் உடைத்துப் போட்டிருந்தார்கள், மிதிக்காமல் நடக்க வேண்டியிருந்தது. ரயில்வே கேட் வரைக்கும் போய் அழுதேன். ஐம்பத்திரண்டு வயது ஆள் ரோட்டில் நின்று அழுதால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று தெரிந்துகொண்டேன்.

அக்டோபர் 3, வெள்ளி

நேற்று லீவு. இன்று காலை முதல் ஆளாக லேபில் நின்று ரத்தம் கொடுத்தோம், சாயங்காலம் டாக்டர். நாலுக்குள் இருக்க வேண்டிய தைராய்டு எண் நாற்பத்தெட்டு. டாக்டர் அம்மா சீட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"யார் உங்களைக் குறைக்கச் சொன்னது?"

"நானாத்தானுங்க" என்றாள் கலாமணி.

"நான்தானுங்க" என்றேன்.

டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். இதயத்துடிப்பு குறைந்திருக்கிறது, இப்படியே இன்னும் இரண்டு மாதம் போயிருந்தால் மயங்கி விழுந்துதான் இங்கே வந்திருப்பீர்கள் என்றார். முழு மாத்திரை, தினமும். சரியாவதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகும், இனி ஒரு நாள் விடக் கூடாது.

மருந்துக்கடையில் நானே நின்று வாங்கினேன். அந்த மாத்திரை மாதத்துக்கு அறுபது ரூபாய்கூட வரவில்லை. தக்காளித் தொக்குக்கு ஊற்றிய எண்ணெய் அதைவிட அதிகம்.

அக்டோபர் 4, சனி

விடிந்ததும் பர்ஸை எடுத்துக் கலாமணியின் கையில் கொடுத்தேன். கம்பெனியில் இனி கூப்பிட மாட்டார்கள் என்பதையும் சொன்னேன். சம்பத்திடம் போகிறேன் என்றேன்.

தலைமாட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "எனக்காகப் போகாதீங்க" என்றாள். "அப்பறம் உனக்காகத்தான் போனேன்னு பத்து வருசத்துக்குச் சொல்லிக் காட்டுவீங்க."

"எனக்காகத்தான் போறேன். பரண் துடைக்கறதுக்கு இன்னொரு வீடு இல்ல."

சிரித்தாள். சிரிப்பும் மெதுவாகத்தான் வந்தது.

சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிய பிறகு பஸ் ஸ்டாப்பில் இரண்டு பஸ்ஸை விட்டேன். மூன்றாவதில் ஏறினேன். வழியெல்லாம் ஒரே யோசனை. இருபத்திரண்டு வருடம் திரும்பி வராதவர்கள் அத்தனை பேரையும் போதும் என்று இருந்தவர்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். என் முகத்துக்குப் பயந்தவர்கள் எத்தனை பேர், என் மனசு நோகக் கூடாது என்று விட்டவர்கள் எத்தனை பேர், எனக்குத் தெரியாது. கடைசியில் வாய்விட்டுச் சொன்ன இரண்டு பேர் முகம்தான் ஞாபகம் இருக்கிறது. கோட்டைச்சாமி. கலாமணி.

கொசுவலைக் கம்பெனியில் நீல வலை மலைபோல் குவிந்திருந்தது. சம்பத் ஓடி வந்தான். "வாங்க மச்சான், வாங்க" என்று உள்ளே கூட்டிப்போனான். உட்காரச் சொன்னான், உட்காரவில்லை. உட்கார்ந்தால் கேட்க வராது.

"மாப்பிள்ளை, எனக்கு ஒரு வேலை வேணும். எட்டு வருசத்துக்கு முன்னால நீ கேட்டப்ப நான் பேசுனது தப்பு."

அவன் என் கையைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிப்போனான். ஒரு அறை. சுவர் நெடுக நூல் கண்டுகள், அட்டைப்பெட்டிகள், எல்லாம் தாறுமாறாகக் கிடந்தன. நடுவில் ஒரு மேசை, ஒரு நாற்காலி. நாற்காலியின் மேல் போட்டிருந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

"ஸ்டோருக்கு ஆளே போடலியா?" என்றேன்.

"எங்கெ மச்சான் போட உட்டாங்க அக்கா?" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். பிறகு, இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்தானோ என்னவோ, சொல்லிவிட்டான். "இங்க இருந்த ஆளு நின்னு போனதும், ஜூன் மாசமே அக்கா வந்துட்டாங்க. உங்க கம்பெனியில மறுக்காக் கூப்பிட மாட்டாங்கன்னு அவங்களுக்கு அப்பவே தோணியிருக்குது. அவரா ஒரு நாள் வருவாரு, வர்றப்ப எடம் இல்லைன்னு சொல்லீரக் கூடாது, வேற ஆளப் போடாதேன்னாங்க. நான் வந்து கேட்டேன்னும் தெரியக் கூடாதுன்னாங்க. ரெண்டு தடவ ஆள் வந்தும் அனுப்பீட்டேன். நாலு மாசமாச் சரக்கு எது எங்க இருக்குதுன்னே தெரியல மச்சான். திங்கக்கெழமையே வந்துருங்க."

தனக்கு அரை மாத்திரைக்கு என்னிடம் வந்து கேட்காதவள் எனக்காகத் தம்பி வாசலில் போய் நின்றிருக்கிறாள். நான் பர்ஸைப் பிடுங்கிக்கொண்ட அதே மாதத்தில். நாற்காலியின் பிளாஸ்டிக் உறையை மெதுவாகப் பிரித்து மடித்தேன். சம்பத் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, போன் வந்ததுபோல் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். நல்ல பையன். அன்றைக்கும் நல்ல பையன்தான்.

வீட்டுக்கு வந்தபோது கலாமணி கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, தாரணி உரித்துக் கொடுத்த சாத்துக்குடியைத் தின்றுகொண்டிருந்தாள்.

"சம்பத் என்னங்க சொன்னான்?"

"திங்கக்கெழமை வரச் சொன்னான். ஸ்டோருக்கு ஆளே இல்லையாம்."

"அப்படீங்களா?" என்றாள், கண்ணை அகல விரித்து, கன்னத்தில் கை வைத்து. "நல்லவேளையாப் போச்சு போங்க."

ஆச்சரியப்பட்டதுபோல் நடிக்க அவளுக்கு அறவே வராது. கல்யாணத்தன்றுகூட வரவில்லை. "ஆமா, நல்லவேளை" என்று நானும் சொல்லிவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுளை வாங்கித் தின்றேன்.